வயலுக்கு இறங்கவில்லை என்று சொன்னேன்

எலிக்காய்ச்சல் எலியால் வருவது என்று டொக்டர்மார் சொல்வார்கள். எனக்கு அது என் மச்சான் நிரோஜனால் வந்தது என்றுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதல் ஒரு கிழமையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இப்போது சுகமாகி, முற்றத்தில் கதிரையைப் போட்டு இதை எழுதும்போது அந்த நினைப்பு முக்கால்வாசி போய்விட்டது. மிச்சக் கால்வாசியையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். மறைத்ததால்தான் நான் சாகக் கிடந்தேன்.

நான் கார் ரேஸ் ஓடுகிறவன். பதினைந்து வருடமாக எனக்கு அதுதான் தொழில். மாங்குளத்திலிருந்து உள்ளே போனால் ஒரு குளத்தின் கீழே எங்கள் குடியேற்றத் திட்டம் இருக்கிறது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே காணி எடுத்து நெல் விதைத்தவர். எனக்கு வயலும் சேறும் சின்ன வயதிலேயே வெறுத்துப் போனது. சண்டை நின்ற சமாதான காலத்தில் பாதை திறந்ததும் கொழும்புக்குப் போய், கார் திருத்துகிற ஒரு கராச்சில் சேர்ந்தேன். அந்தக் கராச் முதலாளி மண் பாதையில் ரேஸ் விடுகிற ஆள்.

ஒரு முறை ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் முதலாளியின் ட்றைவர் கொப்பளிப்பான் அம்மை போட்டுப் படுத்துவிட்டார். காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த என்னை ஏற்றிவிட்டார்கள். நான் மூன்றாவதாக வந்தேன். கொப்பளிப்பான் மாறி வந்த மனுசனுக்கு அதற்குப் பிறகு அந்த ஆசனம் கிடைக்கவேயில்லை. இப்போது எங்கேயோ வாடகை வான் வண்டி ஓடுகிறார் என்று கேள்வி. படுத்தவனின் ஆசனம் எவ்வளவு கெதியில் இன்னொருவனுக்குப் பழகிவிடும் என்பது எனக்கு வடிவாகத் தெரியும். ஏனென்றால் அந்த இன்னொருவன் நான்தான்.

நிரோஜன் என் மனைவி கலாவின் தம்பி. முப்பது வயது. எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணியில் நெல் விதைத்துக் கமம் செய்கிறான். இயந்திரங்களில் கைராசிக்காரன். ஓட்டக் காலத்தில் காரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று நான்தான் அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. போன ஓட்டத்துக்கு முதல்நாள் கியர்ப்பெட்டியைத் திருத்திவிட்டு, சரியா என்று பார்க்க இரண்டு சுற்று ஓடிப் பார்க்கச் சொல்லி முதலாளி அவனிடமே காரின் திறப்பைக் கொடுத்தார். இரண்டாவது சுற்றில் அவனுடைய நேரம் அன்று காலை நான் ஓடியதைவிடக் குறைவு. ஒரு செக்கன்கூட இல்லை, அதிலும் பாதி. முதலாளி நேரத்தை எனக்குக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வருடக் கடைசி ஓட்டத்துக்கு மூன்றரைக் கிழமை இருந்தது. வீட்டுக்கு வந்தோம். மாரி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கிய நேரம் அது. நிரோஜன் வந்த மறுநாளே கையால் பிடித்து உழுகிற இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் ட்ரக்டரை இறக்கிச் சேற்று உழவு அடிக்கத் தொடங்கினான். வரம்பில் நின்ற ஆட்கள், நிரோஜன் உழுதால் தண்ணி மட்டம் பார்க்கத் தேவையில்லை என்று புகழ்ந்துகொண்டு நின்றார்கள். நான் அங்கே நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. கலா அன்று வீட்டில் இல்லை. பூநகரியில் அவளுடைய மாமி ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போயிருந்தாள். அவள் நின்றிருந்தால் என்னை வரம்பிலேயே மறித்திருப்பாள்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குதிக்காலில் புதுச் சப்பாத்துக் கடித்த புண் ஒன்று இருந்தது. அதைப் பற்றி யோசிக்கவில்லை. நிரோஜன் மட்டும் ஓடிவந்து என் சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கடதாசி உறையைச் செருகினான். விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் கமக்காரர் கூட்டத்துக்கு வந்து, வயலுக்கு இறங்குகிறவர்களின் பெயரை எழுதி, எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் குளிசை கொடுப்பது வழக்கம். கிழமைக்கு இரண்டு போடவேண்டும். அவன் என் பெயரையும் கொடுத்து வாங்கி வைத்திருந்தான்.

"எனக்கேன் இது? நான் கமக்காரனே?" என்று கேட்டேன்.

"வரம்பிலை நிண்டு பாத்துக்கொண்டு இருக்கமாட்டியள் எண்டு தெரியும் அத்தான். சாப்பிட்டிட்டுப் போடுங்கோ."

அந்தக் குளிசையை நான் போடவில்லை. லான்ட்மாஸ்டரை வாங்கிப் பிடித்து, அரை ஏக்கரை அவன் எடுக்கிற நேரத்தில் முக்கால்வாசி நேரத்துக்குள் உழுது முடித்தேன். ஏறி வந்து பெருமையோடு திரும்பிப் பார்த்தால் நாலு மூலையும் உழுபடாமல் கிடந்தன. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையாகக் கொத்தினான். வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உழுத கதையைக் கலாவிடம் சொல்லவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். அவன் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காரைத் தயார் பண்ணக் கொழும்புக்குப் போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. முதலில் குளிர். பிறகு கெண்டைக்காலில் தடியால் அடித்த மாதிரி நோ. கிளச் மிதிக்கிற கால்தானே என்று எண்ணெய் பூசினேன். கண் சிவந்தது. ரேஸ் புழுதி என்று சொன்னேன். காய்ச்சல் குளிசை போட்டுக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். நாலாம் நாள் கலா ஓட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினாள். மாங்குளத்தில் பார்த்துவிட்டு அங்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே எனக்குக் கிடைத்த டொக்டர் இளம் பெடியன். என் அனுமதித் துண்டில் தொழில் என்ற இடத்தில் ரேஸ் ட்றைவர் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. என் ஓட்டங்களை ஃபோனில் பார்த்திருப்பதாகச் சொன்னார். தாதியையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வயலுக்கு இறங்கினீங்களா, குளம், வெள்ளத் தண்ணி எதிலையும் காலை வைச்சீங்களா?

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு முன்னால், மச்சானோடு போட்டி போட்டு அரை ஏக்கர் உழுது நாலு மூலையையும் விட்டவன் நான் என்று எப்படிச் சொல்வது? இல்லை டொக்டர் என்றேன். நான் வயல் பக்கமே போறேல்லை என்று சேர்த்தும் சொன்னேன்.

இது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அவரே விளங்கப்படுத்தினார். எலியின் சலம், அதாவது சிறுநீர், வயல் தண்ணியில் கலக்கும். அதிலிருக்கும் கிருமி, காலிலுள்ள புண் வழியாக இரத்தத்துக்குள் போகும். அதுதான் எலிக்காய்ச்சல். அதைக் காட்டுகிற இரத்தச் சோதனையின் முடிவு வர நாள் எடுக்கும். ஆகவே நோயாளி சொல்கிற கதையை வைத்துத்தான் முதலில் ஊசி தொடங்குவார்கள். நான் சொன்ன கதையில் வயலே இல்லை. அவர்கள் டெங்கு பார்த்தார்கள், இல்லை. காட்டுப் பக்கம் ரேஸுக்குப் போனேனா என்று கேட்டு வேறு காய்ச்சல்களைத் தேடினார்கள். இரண்டு நாள் அப்படியே போனது.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் முத்தையா அண்ணன் இருந்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். பாம்பு கடித்துத் தப்பி, இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போக இருந்தவர். நான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரிதான் வலிச்சுது. எலிக்காய்ச்சல்னாங்க. வயல்ல எறங்குனீங்களா?"

"இல்லை அண்ணை."

அவர் என் காலைப் பார்த்தார். பெருவிரல் நகங்களில் சேற்றுக் கறை அப்படியே இருந்தது. நான் போர்வையை இழுத்துக் காலை மூடினேன். அவரும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சலம் குறையத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் போத்தலில் பிடித்துத் தாதியிடம் காட்டவேண்டும். அவர் அளந்து எழுதுவார். முதல் நாள் அரைப் போத்தல். மறுநாள் அடியில் கொஞ்சம், தேத்தண்ணிச் சாயம் மாதிரி. கண் வெள்ளை மஞ்சளானது. கிரியேற்றினின் என்றொரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது இரத்தத்தில் சேருகிற ஒரு கழிவு. சிறுநீரகம் வேலை செய்தால் சலத்தோடு வெளியே போய்விடும், செய்யாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். எனக்கு ஏறிக்கொண்டு போனது.

அந்த நேரத்திலும் நான் யோசித்தது சிறுநீரகத்தைப் பற்றியல்ல. ஓட்டத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, என் ஆசனத்தில் யார் ஏறப்போவது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. யார் என்று தெரிந்தேயிருந்தது. அதனால்தான் காய்ச்சலைவிட அது கூடச் சுட்டது.

மாற்றுச் சாரம் எடுக்க வீட்டுக்குப் போன கலா, நான் சுருட்டி ஒளித்து வைத்திருந்த சேற்றுச் சட்டையின் பையில் அந்த உறையைக் கண்டாள். மேலே என் பெயர், கீழே தம்பியின் கையெழுத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒரு வரி. உள்ளே இரண்டு குளிசையும் இருந்தன. அவனுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் கேட்டறிந்தாள். பார்வையாளர் நேரத்தில் வந்தவள் என்னிடம் வரவில்லை. உறையோடு நேரே டொக்டரிடம் போனாள்.

டொக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் ஏசவில்லை. முந்தநாள் தெரிந்திருந்தால் முந்தநாளே ஊசி தொடங்கியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதப் போனார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கலா என் கால்மாட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த துவாயை நனைத்து, நகத்துச் சேற்றுக் கறையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நாலு மூலையை விட்டதுக்கே இப்பிடி மறைச்சனீங்கள்?" என்று கேட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஊசி கிருமிக்குத்தான். சிறுநீரகம் முழிக்க நேரம் எடுக்கும், அதுவரை இரத்தத்தை மெசினால் சுத்தம் செய்யவேண்டும் என்று என்னை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் மல்லாந்து படுத்தபடி ஏ-ஒன்பது வீதியில் போனேன். பதினைந்து வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், கூரையைப் பார்த்துக்கொண்டு கியர் மாறுகிற சத்தத்தை எண்ணினேன். மாங்குளம் சந்தியில் அந்த ட்றைவர் பிரேக்கைத் தொட்ட விதம் அவ்வளவு அழகு. ஓமந்தைக்குக் கிட்ட இரண்டு லொறியை ஒரே மூச்சில் முந்தினான். அந்த முகம் தெரியாத மனுசன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. சாகப் போகிறவனுக்கு இது தேவையா என்று நினைத்தேன், ஆனாலும் வந்தது.

வவுனியாவில் இரண்டு முறை மெசினில் போட்டார்கள். கழுத்தில் ஒரு குழாய். ஒரு பக்கத்தால் இரத்தம் வெளியே போய், மெசினுக்குள் சுத்தமாகி, மறுபக்கத்தால் திரும்பி வரும். நோ இல்லை. குளிர்தான். நாலு மணித்தியாலம் அசையாமல் கிடக்கவேண்டும், மெசினில் சுற்றுகிற சில்லைப் பார்த்துக்கொண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி, யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. கலா ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிட்ட இருந்த ஒரு தெரிந்த குடும்பத்தின் வீட்டில் தங்கி, உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். வாயில் வைக்கச் சகிக்காது. தானும் அதையே குடிக்கிறாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலாவது முறை மெசினிலிருந்து இறக்கிய அன்று நிரோஜன் கொழும்பிலிருந்து வந்தான். காரை விட்டுவிட்டு, பஸ்ஸில், மடியில் ஒரு குலை செவ்விளநீரோடு. சிறுநீரகம் பழுதானவனுக்கு இளநீர் ஆகாது என்று தாதி வாங்கவிடவில்லை. குலையைக் கையில் வைத்துக்கொண்டு முழுசிக்கொண்டு நின்றான். பிறகு, முதலாளி தன்னை ஓடச் சொல்கிறார் என்றும், நான் சம்மதித்தால் ஒழியத் தான் ஏறமாட்டேன் என்றும் சொன்னான். அவன் திமிரோடு கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விசயம்.

அவன் நிற்கும்போதே முதலாளியின் அழைப்பு வந்தது. நிரோஜனால் ஏலுமா, இல்லாவிட்டால் வெளியில் ஆள் பிடிக்கட்டுமா, உன் சொல்லைத்தான் கேட்பேன் என்றார். ஓடவிடுங்கோ, அவன் ஒண்டையும் அரைகுறையாய் விடமாட்டான் என்றேன். கலா என் கையைப் பிடித்தாள். நிரோஜனின் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் என்னைப் பெரிய மனது படைத்தவன் என்று நினைத்தார்கள்.

அந்த நேரம் என் மனதில் பற்றறி வயர்தான் இருந்தது. எங்கள் காரில் பற்றறியின் இடப்பக்கப் பிடி ஒன்று, கல்லுப் பாதையில் நாலைந்து சுற்றுப் போனதும் இளகும். இளகினால் கார் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யாரும் பார்க்காத நேரத்தில் நான் சைக்கிள் ரியூப்பில் ஒரு நாடா வெட்டி அதை இறுக்கிக் கட்டுவேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. என் காரை என்னைத் தவிர ஒருவனாலும் முழுதாக ஓடமுடியாது என்பதற்கு நான் வைத்திருந்த காப்பு அது. நிரோஜனிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் சுற்றில் நின்றுவிடட்டும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, சும்மா நின்றுவிடட்டும் என்று கிடந்தேன்.

ஓட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைதான் சலம் கொஞ்சம் கூடியிருந்தது. கலா கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு வந்தாள். யாருக்கு நேர்ந்தாய் என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சலம் போகவேணும் எண்டு. தம்பி காரிலை அடிபடாமல் வரவேணும் எண்டு."

அவள் விபூதியைப் பூசிவிட்டுப் போத்தலைக் கழுவப் போனாள். ஓட்டத்தில் திடீரென்று நிற்கிற காருக்குப் பின்னால் வேறு கார்கள் வந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? புழுதிக்குள் முன்னால் நிற்பது பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அப்படி ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று இத்தனை நாளாக என்னிடமே பொய் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறேன். டொக்டரிடம் சொன்ன பொய்யைவிட மோசமான பொய் இது. ஃபோனை எடுத்தேன். இரண்டு முறை அடித்தும் அவன் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான்.

"நிரோஜன், பற்றறியிலை இடப்பக்கப் பிடி இளகும். ரியூப் நாடாவாலை கட்டு. இப்பவே கட்டு."

மறுபக்கத்தில் இயந்திரங்களின் இரைச்சல்.

"அது தெரியும் அத்தான். நீங்கள் ஒவ்வொரு முறையும் கட்டிப்போட்டுப் போனாப் பிறகு நான் அவிட்டு ஒருக்கா இறுக்கிறனான். நீங்கள் கட்டுறது ஏழெட்டுச் சுற்றுக்குத்தான் தாங்கும்."

கவனமாய் ஓடு என்று சொல்லி வைத்தேன். போத்தலோடு திரும்பி வந்த கலா, யாரோடு கதைத்தீர்கள் என்று கேட்டாள். உன் தம்பியோடு என்றேன். மற்றதை அன்றிரவுதான் சொன்னேன்.

ஓட்டத்தை அவளுடைய ஃபோனில் பார்த்தோம். படம் விட்டுவிட்டு வந்தது. என் காரின் இலக்கம் புழுதிக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. ஐந்தாம் சுற்றில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கார் நிற்கவில்லை. நிற்காததற்கு நான் சந்தோசப்பட்டேன். அவன் ஒருவனை முந்தியபோது அந்தச் சந்தோசம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவதாக வந்தான். நானென்றால் முதலாவதாக வந்திருப்பேன் என்று கலாவிடம் சொன்னேன். ஓம், சலப் போத்தலோடை என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போத்தல் நிறைந்தது. கிரியேற்றினின் இறங்கியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு விடும்போது, சிறுநீரகம் பழையபடி வரும், ஆனால் ஆறு மாதத்துக்கு ஓட்டம் கூடாது, கிளினிக்குக்குத் தவறாமல் வரவேண்டும் என்றார்கள். முதலாளி வந்து பார்த்தார். அடுத்த வருடத்துக்கு நிரோஜன் ஓடட்டும், நீ சுகமான பிறகு யோசிப்போம் என்றார். யோசிப்போம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கொப்பளிப்பான் போட்ட மனுசனுக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். அன்று நானும் பக்கத்தில் நின்றேன்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் நொந்தால், கண் சிவந்தால், சேற்றில் கால் வைத்த கதையை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதற்காக இறங்கினீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். இதை எழுத உட்கார்ந்தது இந்த இரண்டு வரிக்காகத்தான். மற்றதெல்லாம் கூட வந்துவிட்டது.

போன கிழமை சிறுபோக விதைப்புக்குக் கமக்காரர் கூட்டம் நடந்தது. சுகாதாரப் பரிசோதகர் குளிசைப் பெட்டியோடு வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார். நானும் வரிசையில் நின்றேன். பெயரைச் சொன்னேன். தொழில் என்னவென்று கேட்டார். கமம் எண்டு போடுங்கோ என்றேன். தண்ணி வாங்கி அங்கேயே அவருக்கு முன்னால் இரண்டு குளிசையையும் விழுங்கினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். கையெழுத்து வைக்க அவர் பட்டியலைத் திருப்பித் தந்தார். முதல் வரியில் நிரோஜனின் பெயர் இருந்தது, தொழில் கமம். விடிய முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.